டீக்குப் பிறகு வாங்கும் கையெழுத்து

எழுதுவது என் வேலை இல்லை. மற்றவர்கள் எழுதியதை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோய் வைப்பதுதான் இருபத்தோரு வருடமாக நான் பார்க்கும் வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. வாக்கியம் நீண்டுவிட்டால் எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் நிறைந்த இடத்தில் இருந்துகொண்டு, படிக்கிற ஒரு பெண்ணைப் பற்றி எழுதத் துணிந்ததை இதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியிருந்தால் இப்படிக் கையால் எழுத வேண்டி வந்திருக்காது.

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் அட்டெண்டர். கம்ப்யூட்டர் துறை. துறைத் தலைவரின் அறைக்கு வெளியே எனக்கு ஒரு சின்ன மேசையும் ஓர் இரும்பு அலமாரியும் உண்டு. எதிரே மாணவர்கள் காத்திருக்க ஒரு பெஞ்சு. காலையில் அறைகளைத் திறப்பேன். வருகைப் பதிவேடுகளை எடுத்துக் கொடுப்பேன். நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டியதை ஒட்டுவேன். ஒருமுறை சுற்றறிக்கையை வகுப்பில் என்னையே படிக்கச் சொன்னார்கள். அறுபது பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்ததும் முதல் வரியிலேயே நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு தாளை ஆசிரியர் கையில் கொடுத்துவிட்டுக் கதவோரம் நிற்பதோடு சரி.

ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பெயர் இருந்தது. தலைவரிடம் கையெழுத்து வாங்குவதில்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் பதினொரு மணிக்கு டீ வரும்வரை அவருக்கு எல்லாமே தப்பாகத் தெரியும். அதற்கு முன்னால் உள்ளே போகிற தாள் "அப்புறம் பாக்கலாம்" என்று திரும்பி வரும். டீ குடித்த அடுத்த அரை மணி நேரம் அவர் வேறு ஆள். அதிலும் ஒரு முறை இருக்கிறது. அடுக்கில் மேலே உள்ள இரண்டு தாள்களைக் கண்ணாடி போட்டுப் படிப்பார். அடியில் உள்ள கடைசித் தாளையும் படிப்பார். நடுவில் இருப்பவற்றுக்குக் கையெழுத்து மட்டும்தான். அதனால் மேலே லேப் சாமான் வாங்கும் கடிதங்களை வைப்பேன், அடியில் முதல்வர் அலுவலகத்துக் கடிதத்தை வைப்பேன், பிள்ளைகளின் படிவங்களை நடுவில் செருகிவிடுவேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கதவோரம் நின்று நின்று நானே கண்டுகொண்டது.

"அண்ணன்கிட்ட குடுத்துட்டியா? அப்ப கையெழுத்து வந்த மாதிரிதான்" என்று பெஞ்சில் பேசிக்கொள்வார்கள். காதில் விழாததுபோல உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குப் போகும்போது அந்தப் பேச்சு கூடவே வரும். என் வாழ்க்கையில் வேறு எதற்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

பிள்ளைகள் கொண்டுவரும் படிவங்களில் முக்கியமானது ஓ.டி. கல்லூரி வேலையாக வெளியே போய் வகுப்புக்கு வராமல் இருந்தால், வந்ததாகவே கணக்கில் ஏற்றிக்கொள்வதற்கான தாள் அது. முதலில் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்து தலைவர். அதன் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தாள்தான் உயிர்.

மூன்றாம் ஆண்டில்தான் எல்லாம் ஒன்றாகத் தலையில் விழும். காலையிலிருந்து நாலேகால் வரை வகுப்பு. நாலரையிலிருந்து ஆறு வரை கம்பெனி வேலைக்கான பயிற்சி. அதற்குள் கல்லூரி பஸ் போய்விடும், டவுன் பஸ் பிடிக்க வேண்டும். இதற்கு நடுவில் விழா, தொண்டர் அணி, விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில் பொறுப்பும் இருந்தே ஆக வேண்டும். கம்பெனிக்காரர்கள் அதையும் கேட்கிறார்களாம். தலைவர் வகுப்புதான் பெரிது என்பார். பயிற்சி அலுவலர் கம்பெனித் தேர்வுதான் பெரிது என்பார். தொண்டர் அணி ஆசிரியர், பொறுப்பு எடுத்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்பார். மூன்று பேரும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரிவது நான் கொண்டுபோகும் தாள்களில்தான்.

அந்தப் பெண்ணுக்கு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலேயே வீடு, வீட்டு முன்பக்கம் அப்பாவின் கடை. பௌர்ணமிக்குத் தண்ணீர் பாட்டில், டீ, சுண்டல் எல்லாம் அங்கே போகும். அவள் கல்லூரித் தொண்டர் அணியில் தலைவி. மாதாமாதம் பௌர்ணமிக்கு மறுநாள் காலை அந்த அணி பாதையில் கிடக்கும் தட்டு, கப், பாட்டில்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டும். முடிக்க மதியம் ஆகிவிடும். அன்று பாதி நாள் வகுப்பு போய்விடும்.

பெஞ்சில் ஒருநாள் அவளுடைய தோழி கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

"ஏன்டி, உங்க அப்பா விக்கிற கப்பைத்தான மறுநாளு நீ பொறுக்குற? பேசாம கடை வாசல்லயே ஒரு சாக்கைக் கட்டி வுட்டுடலாம்ல?"

"கட்டித்தான்டி வுட்டேன். அதுல எங்க அப்பா வெங்காயத்தக் கொட்டி வெச்சிருக்காரு."

நானும் சிரித்துவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "அண்ணன் சிரிக்கிறாருடி" என்றாள், ஏதோ அதிசயம்போல.

அவளிடம் ஒரே ஒரு நோட்டுதான் நான் பார்த்தேன். முன்பக்கத்திலிருந்து வகுப்புப் பாடம். பின்பக்கத்திலிருந்து கம்பெனித் தேர்வுக்கான கணக்குகள். நடுவில் ஒரு ரப்பர் பேண்டு போட்ட பக்கங்களில் தொண்டர் அணிப் பிள்ளைகளின் பெயர், யார் வந்தார்கள், யாருக்குக் கையுறை கொடுத்தது. மூன்று பக்கமும் ஒன்றை ஒன்று நெருங்கிக்கொண்டே வந்தன. இடைவேளையில் பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். ஒருமுறை என்னையே கேட்டாள்.

"அண்ணா, ஒரு குழாய் ஒரு தொட்டிய ஆறு மணி நேரத்துல ரொப்புது. இன்னொரு குழாய் நாலு மணி நேரத்துல ரொப்புது. ரெண்டையும் தொறந்து வுட்டா?"

"எங்க தெருவுல தண்ணி வர்றதே ஒரு மணி நேரம்தாம்மா."

"இது நல்ல பதிலா இருக்கேண்ணா, எழுதிடட்டுமா?" என்றாள்.

அவள் அந்தப் படிவங்களைக் கொண்டுவந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் வகுப்பு முடிந்த நேரம்.

"அண்ணா, மூணு மாசத்து ஓ.டி. தொண்டர் அணி சார் கையெழுத்து எல்லாத்துலயும் ஆயிடுச்சு. எச்.ஓ.டி. சார் மட்டும்தான் பாக்கி."

"மூணா? மாசா மாசம் குடுக்கக் கூடாதாம்மா?"

"அந்த சாரைப் புடிக்கிறதே பெரும்பாடா இருக்குண்ணா. இன்னிக்கே வெச்சிடுறீங்களா? வெள்ளிக்கெழம அட்டெண்டன்ஸ் மூடுறாங்க. அடுத்த புதன்கெழம கம்பெனி டெஸ்ட். எழுவத்தஞ்சு இல்லன்னா உக்கார வுட மாட்டாங்க."

"உனக்கு எவ்ளோ இருக்கு?"

"இது ஏறுனா எழுவத்தாறு. ஏறலன்னா எழுவத்திநாலு."

"போம்மா. ஆயிடும்" என்றேன்.

மூன்றாம் ஆண்டிலேயே ஆள் எடுத்து, கோடை விடுமுறையில் சென்னையில் வேலை பழக்கி, பிடித்துப்போனால் படிப்பு முடிந்ததும் வேலையும் கொடுக்கிற கம்பெனி அது. எங்கள் கல்லூரிக்கு அப்படிப்பட்டது வருடத்துக்கு ஒன்றுதான் வரும். அது எனக்கும் தெரியும்.

அன்று பதினொரு மணிக்கு டீயோடு உள்ளே போனபோது ஆசிரியர்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "தேர்ட் இயருக்கு இனிமே ஓ.டி.யே கெடையாது. குப்பை பொறுக்கவா ஃபீஸ் கட்டி அனுப்புறாங்க? ரிசல்ட் கம்மியானா என்னைத்தான கேக்குறாங்க."

டீயை வைத்துவிட்டு வெளியே வந்தேன். படிவங்கள் மூன்றும் அடுக்கின் நடுவில் தயாராக இருந்தன. அவற்றை உருவி, அலமாரியின் இரண்டாம் தட்டில் ஒரு நீல ஃபைலுக்கு அடியில் வைத்தேன். இன்று வைத்தால் கிழித்துப்போடுவார், வியாழக்கிழமை கோபம் ஆறிவிடும், அப்போது வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். இந்த மாதிரிக் கணக்கு எனக்கு அதுவரை தப்பியதில்லை. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவளே நேராகத் தலைவரிடம் போயிருப்பாள். திட்டு வாங்கினாலும் கையெழுத்து வாங்கியிருப்பாள். அப்படி வாயுள்ள பெண்தான். என் மூலமாக நடக்கட்டும் என்று எனக்கு இருந்தது. அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை தலைவர் வரவில்லை. வேறு ஊர்க் கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வு நடத்தப் போய்விட்டார், திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள். வெள்ளிக்கிழமை மூடுகிறார்களே என்று காலண்டரைப் பார்த்தேன். இருந்தாலும் வருகைப் பதிவை மூடும் நாள் எப்போதும் இரண்டு நாள் தள்ளிப்போகும், இந்த முறையும் போகும் என்று இருந்துவிட்டேன்.

அன்று மதியம் அவள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தாள். கை நிறைய சாமான். அங்கிருந்தே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள், ஆயிற்றா என்று. நான் தலையை ஆட்டினேன். ஆகிவிட்டது என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள் என்பது தலையை ஆட்டும்போதே எனக்குத் தெரியும். அவள் சிரித்துவிட்டு மேலே போனாள்.

வெள்ளிக்கிழமை மாலை சரியாக மூடிவிட்டார்கள். அந்த ஒரு முறைதான் தள்ளிப்போகவில்லை.

திங்கட்கிழமை மதியம்தான் தலைவர் வந்தார். வந்ததும் வருகை குறைந்தவர்கள் பட்டியலை என்னிடம் கொடுத்து ஒட்டச் சொன்னார்கள். பதினாலு எண்கள். ஒட்டும்போது பார்க்கவில்லை. நாலு மூலைக்கும் பின் குத்திவிட்டு, தள்ளி நின்று பார்த்தேன். ஒன்பதாவது அவளுடைய எண். பின்னை எடுத்துவிட்டுப் பட்டியலைச் சுருட்டி உள்ளே கொண்டுபோகலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் பிள்ளைகள் சூழ்ந்துவிட்டார்கள்.

இரண்டரை மணிக்கு அவள் தலைவர் அறைக்குள் போனாள். உள்ளே இரண்டு ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் ஜாடியை மாற்ற நானும் அங்கே நின்றிருந்தேன்.

"ஓ.டி. குடுத்தேன் குடுத்தேன்னு எல்லாரும்தான் சொல்றீங்க. எங்க குடுத்த?" என்றார் தலைவர்.

"வெளிய அண்ணன்கிட்ட சார்."

தலைவர் என் பக்கம் திரும்பினார். ஆசிரியர்கள் இரண்டு பேரும் திரும்பினார்கள். "உங்ககிட்ட குடுத்தாளா?"

ஆமாம் சார், அலமாரியில் இருக்கிறது. இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. இருந்தால் ஏன் வைக்கவில்லை என்பார். அதற்கு நான், உங்கள் கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். எல்லாத் தாளையும் அப்படித்தான் வைக்கிறீர்களா என்று அடுத்த கேள்வி வரும். ஜாடியின் மூடியை அழுத்தி மூடினேன்.

"பாத்துச் சொல்றேன் சார்" என்றேன்.

"பாருங்க. இருந்தா நாலு மணிக்குள்ள கொண்டாங்க, ஏத்திடலாம். நாலு மணிக்கு லிஸ்ட் கம்பெனிக்குப் போயிடும்." பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார். "இருபது வருஷமா இருக்காரு இவரு. ஒரு பேப்பர் தொலைஞ்சதில்ல. நீ எங்கயாவது வுட்டிருப்ப. குப்பைச் சாக்குல தேடிப் பாரு, போ."

ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஒருவேளை தான்தான் மறந்துவிட்டோமோ என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. பிறகு வெளியே போனாள்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. பாராட்டிவிட்டார்.

வெளியே வந்து நீல ஃபைலுக்கு அடியிலிருந்து மூன்றையும் எடுத்தேன். கதவருகே நின்றேன். உள்ளே ஆசிரியர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போகட்டும், தனியாக இருக்கும்போது வைத்துவிடலாம் என்று நின்றேன். மறுபடியும் நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. மூன்று மணி ஆயிற்று. மூன்று பத்துக்குத் தலைவரும் அவர்களும் சேர்ந்தே எழுந்து முதல்வர் கூட்டத்துக்குக் கிளம்பினார்கள். கையில் படிவங்களோடு படிக்கட்டு வரைக்கும் பின்னால் போனேன். அவர் திரும்பி, "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல சார், கதவைப் பூட்டட்டுமா?" என்றேன். கூட்டம் முடிய ஐந்து மணி ஆகிவிட்டது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, டீக்குப் பிறகு பதினொன்று இருபதுக்கு, மூன்றையும் அடுக்கின் நடுவில் வைத்தேன். தலைவர் பார்க்கவே இல்லை. மூன்று கையெழுத்துக்கும் சேர்த்துப் பத்து விநாடி ஆகியிருக்காது.

அதை எடுத்துக்கொண்டு பயிற்சி அலுவலரிடம் ஓடினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "நேத்தே லிஸ்ட் போயிடுச்சே. பேரு இல்லாதவங்களுக்கு டெஸ்ட் தொறக்காது. நேத்து நாலு மணிக்கு முன்னாடி வந்திருந்தா ஒரு நிமிஷ வேலை" என்றார். பிறகு ஆறுதலாக, "செமஸ்டர் பரிட்சைக்கு இது போதும், ஹால் டிக்கெட் வந்துடும்" என்றார்.

அந்தத் தேர்வில் எடுத்தது ஒன்பது பேரைத்தான். அவள் எழுதியிருந்தாலும் தேறியிருப்பாள் என்று யாரால் சொல்ல முடியும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன். பிறகு வெட்கமாக இருக்கும். எழுதித் தோற்றிருந்தால் அது அவளுடைய தோல்வி. அதையும் நான் அவளுக்கு விடவில்லை. அந்தக் கோடையில் ஒன்பது பேரும் சென்னைக்குப் போனார்கள். வெளியூரிலிருந்து வரும் ஒரு பேராசிரியருக்கு அறை எடுக்க, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு விடுதிக்கு நான் போனேன். கம்ப்யூட்டருக்கு முன்னால் அவள்தான் உட்கார்ந்திருந்தாள், விடுமுறை வேலையாக. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். "எத்தன நாளைக்குங்க? ஏ.சி.யா, சாதாவா?" என்று கேட்டாள். எல்லோரையும் கேட்பதுபோலவே கேட்டாள்.

அது பிறகு நடந்தது. நான் சொல்ல வந்தது கையெழுத்து ஆன அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையைப் பற்றி.

நாலரை மணி. கம்பெனிக்குப் போன பட்டியலில் பெயர் உள்ளவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவள் பெஞ்சில் உட்கார்ந்து டவுன் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் வேறு யாரும் இல்லை. நான் எழுந்து போய் அவள் முன்னால் நின்றேன்.

"அம்மா, அந்த ஃபாரம்... கையெழுத்து ஆயிடுச்சு. பரிட்சைக்கு ஒண்ணும் ஆவாது."

அவள் நிமிர்ந்தாள். "கெடச்சிடுச்சா? எங்கண்ணா இருந்துச்சு?"

"அலமாரியில."

"எப்பத்துலேர்ந்து?"

"நீ குடுத்த அன்னிலேர்ந்து."

நோட்டை மூடி மடியில் வைத்தாள். "நேத்து சார் கேட்டாரே. அப்ப அங்க இருக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்மா."

"அப்ப ஏண்ணா சொல்லல?"

டீக்கு முன், டீக்குப் பின் என்பதையெல்லாம் அவளிடம் சொல்ல முடியுமா? ஆரம்பித்தேன். "சார் கோவமா இருந்தாரும்மா, அதான் ஆறட்டும்னு..."

"நேத்து வூட்டுக்குப் போயி எல்லாப் பையையும் கொட்டித் தேடினேண்ணா. எங்கப்பா யாவாரத்த வுட்டுட்டு, கடையப் பாதியில சாத்திட்டு வந்து கூடத் தேடினாரு. அந்த வெங்காயச் சாக்கைக்கூடக் கொட்டிப் பாத்தோம். நான்தான் தொலைச்சிட்டேன்னு அவருகிட்ட சொல்லியிருக்கேன். ஒரு காயிதத்தப் பத்திரமா வெச்சிக்கத் தெரியல, நீ எங்க வேலைக்குப் போவப் போறேன்னாரு."

நான் நின்றுகொண்டிருந்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்ன வார்த்தை இல்லை அது. வாய் வரை வந்து நின்றுவிட்டது.

"அந்த ஃபாரத்தக் குடுங்க" என்றாள். கொண்டுவந்து கொடுத்தேன். பெஞ்சில் மூன்றையும் வரிசையாக வைத்து, காற்றில் பறக்காமல் நோட்டை ஓரத்தில் வைத்து, மொபைலில் படம் எடுத்தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, கையெழுத்து தெரிகிற மாதிரி. "அப்பாகிட்ட காட்டணும்" என்றாள். தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

"நான் சார்கிட்ட போயி சொல்லிடறேம்மா" என்றேன்.

"இனிமே சொல்லி?" என்றாள். பையை எடுத்துக்கொண்டாள். "பஸ் வந்துடும். போறேன்." எப்போதும் சேர்த்துச் சொல்லும் அண்ணா அன்று இல்லை.

தலைவரிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. ஒரு தாளும் தொலைக்காதவன் என்று புதிதாக வரும் ஆசிரியர்களிடம் அவர் இப்போதும் என்னைக் காட்டுவார். இப்போது பிள்ளைகள் படிவம் கொண்டுவந்தால், நேரம் எதுவாக இருந்தாலும் அவர்களையே கையோடு உள்ளே அனுப்பிவிடுகிறேன். சிலர் திட்டு வாங்கி வருகிறார்கள். "அண்ணன் முன்ன மாதிரி இல்ல" என்று பெஞ்சில் பேசிக்கொள்கிறார்கள்.

அந்தச் செவ்வாய்க்கு மறுநாள் புதன்கிழமை. எட்டரை மணிக்குத் துறையைத் திறந்தேன். கம்பெனித் தேர்வுக்காகப் பெரிய லேப்பில் நாற்பத்தாறு நாற்காலிகள் போட்டேன். நாற்பத்தாறு பேரும் வந்துவிட்டார்கள். பதினொரு மணிக்கு டீ வந்தது. மாலையில் வருகைப் பதிவேடுகளை வாங்கி அலமாரியில் வைத்தேன். அன்று அவளுக்கு ஏழு வகுப்பிலும் வருகை போட்டிருந்தது.